பொய்த் தூண்களும் ஓட்டைத் தாளும்: சுவர் மாயத்தின் ஏழை வரலாறு

பேரரசர் முதலாம் ஜஸ்டினுக்கு எழுதத் தெரியாது. கி.பி. 518 முதல் 527 வரை கான்ஸ்டாண்டினோபிளில் அமர்ந்து கிழக்கு ரோமப் பேரரசை ஆண்டவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படைவீரனாகி, கடைசியில் அரியணை வரை ஏறியவர். அரசாணைகளில் பேரரசர் தன் கையால் ஒப்பமிட வேண்டுமே, என்ன செய்வது? ஒரு மரத்துண்டில் நான்கு லத்தீன் எழுத்துகளின் வடிவத்தை வெட்டினார்கள். அதை ஆணையின் மேல் வைத்து, ஊதா மையில் தோய்த்த பேனாவைப் பேரரசர் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து வெட்டின வழியே ஓட்டிவிட்டார்கள். இதைப் பதிவுசெய்த பிரகோப்பியஸ் தன் 'ரகசிய வரலாறு' நூலில் இளக்காரமாகத்தான் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனை ரோமானியர்கள் அரசனாக ஏற்றுக்கொள்ள நேர்ந்ததே என்ற ஆத்திரம் அவருக்கு.

அந்த மரத்துண்டு ஒரு ஸ்டென்சில். அந்த இளக்காரம் அன்றிலிருந்து அதைவிட்டுப் போகவே இல்லை. ஓவியம் என்றால் கை வரவேண்டும், ஸ்டென்சில் என்றால் கை வராதவன் பயன்படுத்துவது என்பதுதான் பொதுவான நினைப்பு. கலை வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினால் குகைச் சுவர்களில் ஒருமுறை தலைகாட்டும் (இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாறையில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் வண்ணம் ஊதிய கைத்தடம் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 வருஷம் வயது என்று 2014-இல் கணக்கிட்டார்கள்). அதற்குப் பிறகு நேராகப் பேங்க்ஸி. நடுவில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் காணாமல் போய்விடும்.

காணாமல் போன அந்த இடைவெளியின் ஒரு மூலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டுச் சுவரில் இல்லாத தூணை, இல்லாத திரைச்சீலையை, இல்லாத மலையை இருப்பதுபோலக் காட்டும் ஆசை மனிதனுக்குப் பழையது. அந்த ஆசை பெரிய வீடுகளிலிருந்து சின்ன வீடுகளுக்கு இறங்கி வந்ததில் ஓட்டை போட்ட ஒரு தாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

*

பணக்கார வீடுகளிலிருந்து தொடங்குவோம்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த பொம்பெயி, அதைச் சுற்றியிருந்த ஊர்கள், மாளிகைகள் எல்லாம் பிற்பாடு தோண்டி எடுக்கப்பட்டபோது, சுவர் ஓவியங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. 1882-இல் ஆகஸ்ட் மாவ் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றை நான்கு பாணிகளாகப் பிரித்தார். முதல் பாணியில் சுதையைப் புடைப்பாகப் பூசி, வண்ணம் தீட்டி, சலவைக்கல் பலகைபோலக் காட்டினார்கள். நிஜச் சலவைக்கல் விலை அதிகம். இரண்டாம் பாணியில் புடைப்பும் போய்விட்டது. தட்டையான சுவரில் வெறும் வண்ணத்தாலேயே தூண்கள் முன்னே வந்து நின்றன, அவற்றுக்குப் பின்னால் முற்றங்கள் திறந்தன, தூரத்தில் கோபுரம் தெரிந்தது. பொஸ்கோரியாலே என்ற இடத்து மாளிகையின் படுக்கையறை ஒன்றை அப்படியே பெயர்த்து நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சின்ன அறைதான். ஆனால் மூன்று பக்கமும் ஒரு நகரமே விரிகிறது.

இந்த ஓவியர்கள் கெட்டிக்காரர்கள். அறைக்குள் வெளிச்சம் நிஜமாக எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து, அதற்கேற்பத் தூணின் நிழலைப் போட்டார்கள். கண் ஏமாறுவதற்கு அந்த நிழலே பாதிக் காரணம்.

அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு ரோமுக்கு வெளியே, பிரிமா போர்ட்டா என்ற இடத்தில் ஒரு மாளிகை இருந்தது. அங்கே தரைக்குப் பாதி கீழே இறங்கிய, சன்னலே இல்லாத ஓர் அறை. அதன் நான்கு சுவர்களிலும் தோட்டம். மாதுளை, சீமைமாதுளை, ரோஜா, பறவைகள். நிஜத்தில் வெவ்வேறு பருவங்களில் பூப்பவையும் காய்ப்பவையும் அங்கே ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்து நிற்கின்றன. 1863-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தத் தோட்டம் இப்போது ரோமில், பலாஸோ மாஸிமோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லோரும் இதை ரசிக்கவில்லை. அதே காலத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலின் ஏழாம் பகுதியில் பொரிந்து தள்ளுகிறார். தூண் இருக்கவேண்டிய இடத்தில் நாணல் தண்டு வரைகிறார்களாம், மெல்லிய விளக்குத்தண்டின் மேல் முழுக் கோயிலை உட்காரவைக்கிறார்களாம். இருக்கக்கூடியதை வரையுங்கள், இருக்கவே முடியாததை வரையாதீர்கள் என்பது அவர் கட்சி. இன்னொரு குறையும் சொல்கிறார்: முன்பெல்லாம் கைத்திறமைக்கு மதிப்பு இருந்தது, இப்போது விலை உயர்ந்த வண்ணத்துக்குத்தான் மதிப்பு. இன்றைக்கும் யாராவது இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

நமக்குத் தெரிந்த மாய வீடு ஒன்று உண்டு. இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிய மண்டபம். துரியோதனன் தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைத் தூக்கிப் பிடிக்கிறான். பிறகு தண்ணீரைத் தரை என்று நினைத்து உள்ளே விழுகிறான். சிரித்தது யார் என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம் உண்டு. ஆனால் சிரிப்பு உண்டு. அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்பது நமக்குத் தெரியும்.

மயன் மண்டபத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அங்கே வீட்டுக்காரனுக்கு எது தண்ணீர், எது தரை என்று தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. மாயம் அங்கே ஓர் அதிகாரம். இதே அதிகாரம் ஐரோப்பிய ஓவியத்தில் வேறு ரூபத்தில் வருகிறது. ரோமில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்துக்கு ஒரு குவிமாடம் கட்டத் திட்டமிருந்தது, கட்டப்படவே இல்லை. 1685-இல் ஆந்திரேயா போட்ஸோ என்ற யேசு சபை ஓவியர் ஒரு பெரிய துணியில் குவிமாடத்தை வரைந்து மேலே பொருத்திவிட்டார். அதைப் பார்க்க எங்கே நிற்கவேண்டும் என்பதற்குத் தரையில் சலவைக்கல் குறி பதித்திருக்கிறார்கள். அங்கே நின்றால் மேலே அசல் குவிமாடம். பத்தடி தள்ளிப் போனாலே அது சாய ஆரம்பிக்கும். இன்னும் போனால் கோணிக்கொண்டு, துணியில் வரைந்த படம்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தொலைநோக்கு விதிப்படி வரைந்த மாயம் எல்லாமே இப்படித்தான். கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளிக்கு நேர் எதிரே ஒரு கண் இருந்தாக வேண்டும். அந்தக் கண் யாருடையது? அரண்மனையில் அரசனுடையது, வீட்டில் எஜமானனுடையது. மற்றவர்களுக்குக் கோணல் காட்சிதான்.

*

இனி அந்த ஓட்டைத் தாளுக்கு வரலாம்.

ஸ்டென்சில் எப்படி வேலை செய்யும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மார்கழியில் கடைத்தெருவில் விற்கும் கோல அச்சும் அதே தத்துவம்தான். ஓட்டை இருக்கும் இடத்தில் பொடி இறங்கும், மற்ற இடத்தில் இறங்காது. சுவருக்கு வந்தால், எண்ணெய் ஊறி விறைத்த கெட்டித்தாளில் வடிவத்தை வெட்டி, சுவரில் ஒட்டிப் பிடித்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி வண்ணம் ஏற்றவேண்டும். தூரிகையில் வண்ணம் கூடினால் ஓரத்தின் அடியில் கசிந்து வேலை கெட்டுவிடும். வட்டத்துக்குள் வட்டம் வெட்டினால் உள்வட்டம் கழன்று விழும். அதனால் அங்கங்கே சின்னப் பாலம் விட்டுத்தான் வெட்ட முடியும். எந்தச் சுவரிலாவது ஓர் இலைக்கும் காம்புக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தால், அது ஸ்டென்சிலின் கைரேகை.

இந்தத் தாளால் மாயம் காட்ட முடியுமா? ஒரு பெரிய தடை இருக்கிறது. வெட்டிய வடிவம் சுருங்காது. முதல் தூணும் பத்தாவது தூணும் ஒரே அளவில்தான் வரும். தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிசையை ஒரே தாளால் கொண்டுவர முடியாது. போட்ஸோவின் வித்தை இங்கே செல்லாது.

ஆனால் ஆழம் காட்ட இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிழல். ஒரே தாளை முதலில் சாம்பல் வண்ணத்தில் குத்தி, பிறகு அரை அங்குலம் மேலே, பக்கவாட்டில் நகர்த்தி அசல் வண்ணத்தில் குத்தினால், இலை சுவரைவிட்டு எழும்பி நிற்கும். இன்னொன்று கனசதுரம். 60 பாகை, 120 பாகைக் கோணங்கள் கொண்ட சாய்சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் திருப்பித் திருப்பி மூன்று முறை, ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று கருமை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெட்டி கிடைக்கும். சுவர் முழுக்க அதைத் தொடர்ந்தால் பெட்டிப் படிக்கட்டு. பொம்பெயியின் 'ஃபான் வீடு' என்று அழைக்கப்படும் மாளிகையில், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்த வடிவத்தைக் கல்லில் வெட்டித் தரையாகப் பதித்திருக்கிறார்கள். பிற்காலத்து அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வைகளில், வண்ணம் தீட்டிய மரத்தரைகளில் எல்லாம் இதே பெட்டிகள் வந்தன.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மேலே இருந்த முகம் கீழே போகும், புடைத்தது குழியும். 1832-இல் லூயி நெக்கர் என்ற சுவிட்சர்லாந்துப் படிக ஆய்வாளர், படிகங்களின் கோட்டுப் படங்கள் கண்முன்னே இப்படிப் புரள்வதை அறிவியல் இதழில் எழுதினார். தரையில் சாய்சதுரம் பதித்த கொத்தனாருக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இந்த மாயத்துக்கு நிற்கவேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் முக்கியம். கோடுகள் எந்தப் புள்ளியிலும் போய்ச் சேருவதில்லை, இணையாகவே ஓடுகின்றன. வாசலில் நின்றாலும் பெட்டிதான், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் பெட்டிதான். எஜமானின் நாற்காலியிலிருந்து பார்த்தாலும் வேலைக்காரி நிற்கும் மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே ஏமாற்று. சுருங்க முடியாத அந்தக் குறைதான் ஸ்டென்சிலுக்கு இந்தச் சமத்துவத்தைக் கொடுத்தது.

*

ஓட்டைத் தாளின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ இங்கிலாந்தைக் காட்டுவேன்.

அங்கே அப்போது சுவரில் ஒட்டும் வண்ணத்தாள் கௌரவத்தின் அடையாளம். பிரிட்டனில் அச்சடித்த, வண்ணமிட்ட சுவர்த்தாளுக்கு 1712-இலிருந்து வரி இருந்தது. வெள்ளைத்தாளை வாங்கி ஒட்டிவிட்டு அதன்மேல் ஸ்டென்சிலால் பூ போட்டு வரியிலிருந்து தப்பியவர்களும் உண்டு. 1806-இல் சுவர்த்தாள் முத்திரையைப் போலியாகச் செய்வது மரண தண்டனைக் குற்றங்களில் சேர்க்கப்பட்டது. ஒரு பூப்போட்ட தாளுக்காகத் தூக்கு! பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அறை முழுவதையும் சுற்றி ஒரே காட்சியாக விரியும் தாள்களை அச்சடித்தார்கள். 1804-இல் ஜோசப் துஃபூர் பசிபிக் தீவுகளை 20 நீளத்தாள்களில் கொண்டுவந்தார். 1834-இல் ஸூபர் கம்பெனி வட அமெரிக்கக் காட்சிகளை வெளியிட்டது. வெள்ளை மாளிகையின் ஒரு வரவேற்பறையில் 1961-இல் ஜாக்குலின் கென்னடி ஒட்டவைத்தது அந்தத் தாள்தான்.

நியூ ஹாம்ப்ஷயரில் உருளைக்கிழங்கு போடும் விவசாயி இதற்கு எங்கே போவான்? அவன் வீட்டு வாசலுக்குத் தகரப்பெட்டியோ மரப்பெட்டியோ தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். பெட்டிக்குள் வெட்டிய தாள்கள், தூரிகைகள், பொடி வண்ணங்கள். பாலிலோ பசையிலோ வண்ணத்தைக் குழைத்துக்கொள்ளலாம். பால் விவசாயி வீட்டிலேயே இருக்கும். வேலை முடியும்வரை சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. வாசல், சன்னல் ஓரமெல்லாம் கொடி ஓடும். சுவரைச் செங்குத்துப் பட்டைகளால் பிரிப்பார்கள், பொம்பெயியின் தூண்களுக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி. கூரைக்குக் கீழே குஞ்சமும் மணியும் தொங்கும் திரைச்சீலை மடிப்பு. நிஜத் திரைச்சீலை வாங்க வசதியில்லாத வீட்டில் அது வருஷம் முழுக்கத் தொங்கும், துவைக்கவேண்டிய வேலையும் இல்லை. நடுவில் அன்னாசிப்பழம், விருந்தோம்பலின் அடையாளமாக. அந்த விவசாயிகளில் எத்தனை பேர் அன்னாசியை நிஜத்தில் தின்றிருப்பார்கள்?

இந்தக் கைவினைஞர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். தெரிந்த ஒரு பெயர் மோசஸ் ஈட்டன். அப்பா, மகன் இருவருக்கும் அதே பெயர். மகன் ஈட்டனின் பெட்டி அவர் வீட்டுப் பரணில் தப்பிப் பிழைத்தது. அதில் 78 வெட்டுத்தாள்கள், 40 முழு வடிவங்கள். தாளில் வண்ணம் படிந்து படிந்து தடித்திருக்கிறது. எந்த வடிவத்தை அதிகம் பேர் கேட்டார்கள் என்பதைக்கூட அந்தப் படிவு சொல்லும்.

*

இன்னொருவர் ரூஃபஸ் போர்ட்டர். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாவலே எழுதலாம். 1792-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பிடில் வாசித்தார், முரசு அடித்தார், வீட்டுக்கு வண்ணம் பூசினார், இருட்டுப்பெட்டி ஒன்றின் உதவியோடு முகப்படம் வரைந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1825-இல் பலவகைக் கைவேலைகளைச் சொல்லித்தரும் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அறைச் சுவரில் நிலக்காட்சி வரைவது எப்படி என்பதும் அதில் உண்டு.

அவர் செய்முறையைச் சமையல் குறிப்பு மாதிரி சொல்கிறார். ஒரு காலன் தண்ணீரில் அரை பவுண்டு பசை கரைத்துக்கொள். அறையைச் சுற்றி, கிட்டத்தட்ட மார்பு உயரத்தில் ஒரு கோடு போடு. அதுதான் அடிவானம். மேலிருந்து, கோட்டுக்கு 6 அங்குலம் மேலே வரை வானநீலம். மிச்சத்தில் செம்மை. இரண்டும் சேரும் இடத்தைக் கலந்துவிடு. பிறகு தூரத்து மலை, நடுத்தூரம், கிட்டத்து மரம் என்று அடுக்கடுக்காக முன்னே வா. வீடுகளுக்கும் கப்பல்களுக்கும் ஸ்டென்சில்.

சுருங்காத தாளின் பிரச்சினையை அவர் எப்படிச் சமாளித்தார் என்பது இதில் இருக்கிறது. தூரத்தைக் கோடுகளால் காட்டாமல் அடுக்குகளால் காட்டினார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஏற்ற அளவில் தாள் வெட்டிக்கொண்டால் போதும். அந்த அடிவானக் கோட்டையும் பாருங்கள். அது நான்கு சுவரையும் சுற்றி உடையாமல் ஓடுகிறது. மார்பு உயரம் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. அறையில் யார் எங்கே உட்கார்ந்தாலும் அடிவானம் அவருக்கு நேர் எதிரே இருக்கும். போட்ஸோ தரையில் பதித்த குறியைப் போர்ட்டர் அழித்துவிட்டார் என்று சொல்லலாம்.

1845 ஆகஸ்ட் 28-இல் அவர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்'. ஆமாம், அதே பத்திரிகைதான். அதிலும் சுவர் ஓவியம் பற்றித் தொடர் எழுதினார். ஒரு கூடத்தின் சுவர்கள் முழுவதையும் ஐந்து மணி நேரத்தில் வரைந்து முடித்த ஓவியரைப் பார்த்திருப்பதாக அதில் சொல்கிறார். மேட்டு நிலத்தில், பல வண்ண வயல்களோடு விரியும் ஒரு அமெரிக்கப் பண்ணையைப்போல உற்சாகம் தரும் காட்சி உலகத்தில் வேறில்லை என்கிறார். யோசிச்சுப் பாருங்க, பணக்காரன் வீட்டுத் தாளில் பசிபிக் தீவு. இவர் விவசாயி வீட்டுச் சுவரில் விவசாயியின் வயலையே வரைகிறார். சன்னலைத் திறந்தால் தெரியும் அதே காட்சிதான், ஆனால் பனிக்காலம் இல்லாமல், கடன் இல்லாமல்.

மறு வருஷமே பத்திரிகையைச் சில நூறு டாலருக்கு விற்றுவிட்டார். 1849-இல், நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மூன்றே நாளில் பறந்து போகலாம் என்று ஆகாயக் கப்பலுக்குத் திட்டம் போட்டுப் புத்தகம் எழுதினார். சின்ன மாதிரி பறந்தது, பெரிய கப்பல் பறக்கவில்லை. 1884-இல் இறந்தார்.

*

இவர்கள் தொழிலை முடித்துவைத்தது எந்திரம். 1839 வாக்கில் இங்கிலாந்தின் லங்காஷயரில் உருளையால் சுவர்த்தாள் அச்சடிக்கும் எந்திரம் வந்தது. சில வருஷங்களில் அது அமெரிக்காவுக்கும் போனது. தாளின் விலை சரிந்தது. விவசாயியின் மனைவி கடைக்குப் போய்ச் சுருள் வாங்கிவந்து, ஸ்டென்சில் பூக்களின் மேலேயே ஒட்டிவிட்டார்.

அதே வேளையில் விட்ருவியஸின் குரல் மறுபடி எழுந்தது. 1849-இல் ஜான் ரஸ்கின் தன் 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' நூலில், ஒரு பொருளை இன்னொரு பொருள்போலக் காட்ட வண்ணம் பூசுவதைப் பொய் என்று கண்டித்தார். மரத்தைச் சலவைக்கல் ஆக்காதே. ஆனால் அவரே ஒரு விதிவிலக்கும் தருகிறார். கட்டடத்தில் தங்கப்பூச்சு பூசுவது ஏமாற்று ஆகாது, ஏனென்றால் யாரும் அதைக் கெட்டித் தங்கம் என்று நினைப்பதில்லை. நகையில் பூசினால்தான் ஏமாற்று.

ரஸ்கின் திறந்துவிட்ட அந்தச் சந்து வழியாகவே நியூ இங்கிலாந்துச் சுவர்களை நாம் மீட்டுவிடலாம். அந்தக் குஞ்சம் வைத்த திரைச்சீலையை யார் நிஜம் என்று நம்பினார்கள்? வரைந்தவன் நம்பவில்லை, பக்கத்தில் நின்று பாலைக் கொடுத்த வீட்டுக்காரி நம்பவில்லை, சாயங்காலம் வந்த பக்கத்துவீட்டுக்காரரும் நம்பவில்லை, அவர் வீட்டிலும் அதே மணி, அதே குஞ்சம்தான் தொங்கியது. எல்லோரும் சேர்ந்து ஏமாறச் சம்மதித்த மாயம் அது. மயன் மண்டபத்தில் ஒருவன் ஏமாறினான், மற்றவர்கள் சிரித்தார்கள். இங்கே தண்ணீரில் விழ ஆளே இல்லை.

கதையில் ஒரு வேடிக்கையும் மிச்சமிருக்கிறது. போட்டிக்கு வந்த அந்தச் சுவர்த்தாள்தான் கடைசியில் ஸ்டென்சிலைக் காப்பாற்றியது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய தாள்களுக்கு அடியில், வெயிலும் அடுப்புப் புகையும் படாமல், பச்சையும் சிவப்பும் அப்படியே இருந்தன. 20-ஆம் நூற்றாண்டில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் தாளை உரித்தவர்கள் கண்ணில் அவை பட்டன. ஜேனட் வேரிங் என்ற ஆய்வாளர் அந்த வீடுகளைத் தேடித் தேடிப் போய்ப் பதிவுசெய்து, 1937-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஈட்டனின் பெட்டி வரலாற்றுக்குள் வந்ததும் அந்தத் தேடலில்தான். சுவரிலிருக்கும் வடிவத்தையும் பெட்டியிலிருக்கும் தாளையும் ஒப்பிட்டு, இது ஈட்டனின் கைவேலை என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் வடிவங்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து வெட்டிக்கொண்ட தொழில் அது. அவர் பேரில் நிற்கும் சுவர்களில் வேறு எத்தனை பேருடைய கை ஒளிந்திருக்கிறதோ.

இன்றைக்குப் பெயின்ட் கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டென்சில் தொங்குகிறது. டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அதே கனசதுரம், வெளிர், நடுத்தரம், கருமை. வாடகை வீடென்றால் காலி செய்யும்போது மேலே ஒரு பூச்சு வெள்ளையடித்துவிடலாம். அதைப் பார்த்து 'இதெல்லாம் ஒரு கலையா' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள். ஜஸ்டினின் மரத்துண்டைப் பார்த்துப் பிரகோப்பியஸும் அப்படித்தான் உதட்டைப் பிதுக்கினார். ஆணை என்னவோ செல்லுபடியானது.